பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ், அதற்குள் டேலி: அம்பை அரிசிக் கடையில் செய்து பார்த்தது

அம்பாசமுத்திரத்தில் அரிசிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் போனில் கூப்பிட்டு, "என்னடே, ஸ்கிரீன்ல முடிஞ்சு போச்சு முடிஞ்சு போச்சுன்னு வருது, நம்ம டேலி ஓடுமா ஓடாதா, அத மட்டும் சொல்லு" என்றார். டேலி அவர் கடைக் கணக்கு எழுதுகிற மென்பொருள், முடிந்துபோனது விண்டோஸ் 10. மைக்ரோசாப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அண்ணாச்சி கடையில் இருப்பது நான்காம் தலைமுறை ஐ3, ராம் 4 ஜிபி. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பதை முறைப்படி ஏற்காது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேறு கேட்கும். புதுசு வாங்க அவருக்கு மனமில்லை. "நல்லாத்தான ஓடுது" என்கிறார், அதுவும் நியாயம்தான்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிடலாம், அது அரை மணி நேர வேலை. சிக்கல் டேலியில்தான். பெங்களூரில் 1986-இல் தொடங்கிய நிறுவனம், டாஸ் காலத்திலிருந்து மென்பொருள் செய்கிறது (மவுஸைத் தொடாமல் விசைகளிலேயே முழு வேலையும் முடிவது அந்தக் காலத்துப் பழக்கம்தான்), ஆனால் கம்ப்யூட்டரில் நிறுவுகிற டேலி இன்றைக்கும் விண்டோஸுக்கு மட்டும்தான் வருகிறது. அதை லினக்ஸில் ஓட்ட மூன்று வழி உண்டு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு கிளம்பலாம்: பழைய வருடக் கணக்கைத் திறந்து பார்க்கவும், பி.காம் படிக்கிற பிள்ளைகள் பழகவும் வைன் (விண்டோஸ் நிரலை லினக்ஸிலேயே ஓட்டுகிற மென்பொருள்) போதும். நாளைக் காலையில் கடை திறந்ததும் பில் போட்டாக வேண்டியவர்களுக்கு விர்ச்சுவல் மெஷின், அதாவது லினக்ஸுக்குள் மென்பொருளாகவே ஓடுகிற இன்னொரு கம்ப்யூட்டர். கடையில் ஏற்கெனவே இன்னொரு நல்ல விண்டோஸ் மெஷின் இருந்தால் ரிமோட் டெஸ்க்டாப், அதாவது அந்த மெஷினின் திரையை இங்கிருந்தே திறந்து வேலை செய்வது.

எதைச் செய்வதாக இருந்தாலும் தேதி பாருங்கள். மாதாமாதம் ஜிஎஸ்டி கட்டுகிற கடையென்றால் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டுகிற கணக்கு). இந்த இரண்டும் முடியாமல் மெஷினில் கை வைத்தால் ஆடிட்டர் உங்களைத் திட்டுவார், அண்ணாச்சி என்னைத் திட்டுவார். 21-ஆம் தேதிக்குப் பிறகு வருகிற ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சரி.

அப்புறம் பேக்கப். டேலியின் இப்போதைய பதிப்பான டேலி பிரைமில் ஆல்ட் + ஒய் அழுத்தி பேக்கப் எடுத்து பென்டிரைவில் போடுங்கள். அது போதாது, டேட்டா ஃபோல்டரையும் அப்படியே காப்பி செய்யுங்கள், உள்ளே ஒவ்வொரு கம்பெனிக்கும் வெறும் எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டர் இருக்கும். எடுத்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, திறந்து, இருப்புநிலைக் குறிப்பின் கூட்டுத்தொகையைப் பழைய மெஷினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று ஒத்துக்கொள்வதில்லை. அதற்கு முந்தைய பதிப்பான டேலி ஈஆர்பி 9 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தக் கணக்கைப் பிரைமில் திறந்தால் அது புதுசுக்கு மாற்றிக்கொள்ளும், அப்புறம் அதே ஃபோல்டரைப் பழையதில் திறக்க முடியாது. அதனால் எப்போதும் காப்பியைத்தான் திறக்க வேண்டும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்கவே அழிக்காதீர்கள். ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி மாட்டி லினக்ஸை அதில் போடுங்கள், பழையதைக் கழற்றி, மேலே மார்க்கரில் தேதி எழுதி, கல்லாப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். ராமையும் பாருங்கள். வைனுக்கு 4 ஜிபி தாங்கும், விர்ச்சுவல் மெஷினுக்குக் குறைந்தது 8 ஜிபியாவது வேண்டும். இந்த வயது மெஷினுக்கு டிடிஆர்3 ராம், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் செகண்ட்ஹேண்ட் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும்.

லினக்ஸில் பல வகை உண்டு, எது என்று கேட்டால் லினக்ஸ் மின்ட் என்பேன். நம் ஊரில் பலர் லினக்ஸ் என்ற பெயரையே 2011-க்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸில்தான் பார்த்திருப்பார்கள், பாதிப் பேர் பார்த்த அன்றைக்கே அதைத் தூக்கியிருப்பார்கள். மின்ட் அப்படி விரட்டாது. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் மணி, விண்டோஸ் பழகியவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. நிறுவுவதற்கு முன்னால் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிரின்டரும் நெட்டும் பிடிபடுகிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

இனி வைன். இது விண்டோஸ் இல்லை, விண்டோஸைப் போல நடிக்கிற போலி மெஷினும் இல்லை. விண்டோஸ் நிரல் கேட்கிற ஒவ்வொன்றையும் லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லும் துபாஷி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1993-இல் தொடங்கி இன்றுவரை ஓய்வில்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் வைன் இன்ஸ்டாலர் என்று தேடிப் போட்டுவிட்டால் தேவையானதை அதுவே சேர்த்து இழுத்துக்கொள்ளும், டெர்மினலுக்குப் போக வேண்டியதில்லை.

போட்டதும் மெனுவில் வைன் கான்ஃபிகரேஷனைத் திறந்து இரண்டு காரியம் செய்யுங்கள். முதல் டேபில் விண்டோஸ் 10 என்று இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். அடுத்து டிரைவ்ஸ் டேப். வைன் தன் சி டிரைவை உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள், புள்ளியில் தொடங்கும் பெயரோடு மறைந்திருக்கிற ஒரு ஃபோல்டரில்தான் வைத்துக்கொள்கிறது. கன்ட்ரோல் + எச் அழுத்தினால்தான் அது கண்ணுக்கே தெரியும். கணக்கு அங்கே போய் உட்கார்ந்துகொண்டால், என்றைக்காவது யாராவது வைனைச் சரிசெய்கிறேன் என்று அந்த ஃபோல்டரை அழிக்கும்போது கணக்கும் சேர்ந்து போகும். ஆகவே ஹோமில் 'கணக்கு' என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு ஃபோல்டர் உண்டாக்கி (நிஜத்தில் அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள், வம்பு குறைவு), அதை டி டிரைவாகச் சேர்த்துவிடுங்கள். பென்டிரைவிலிருந்து டேட்டாவை அதற்குள் போடுங்கள். டேலியில் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கிற திரையில் ஸ்பெசிஃபை பாத் என்று ஒன்று வரும், அங்கே டி டிரைவைக் காட்டினால் முடிந்தது.

டேலியின் செட்டப் ஃபைலை அவர்கள் தளத்திலிருந்தே இறக்குங்கள், ரைட் கிளிக் செய்து வைன் மூலம் திற என்றால் போதும். முதலில் எஜுகேஷனல் மோடில்தான் (லைசென்ஸ் இல்லாமல் பழகுவதற்கான முறை) திறந்து பார்க்க வேண்டும். அதில் மாதத்தின் முதல் இரண்டு நாள் மாதிரி ஒருசில தேதிகளில் மட்டும்தான் வவுச்சர் போட விடும், ஆனால் பழைய லெட்ஜர்களைப் புரட்டிப் பார்க்கத் தடையில்லை. திரை மினுங்கினாலோ, வேறு விண்டோவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கறுப்பாக நின்றாலோ, வைன் கான்ஃபிகரேஷனில் கிராஃபிக்ஸ் டேபில் விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்பதை டிக் செய்யுங்கள், டேலி ஒரு பெட்டிக்குள் அடங்கி உட்கார்ந்துகொள்ளும். பொருள்களுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்து அது கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ தமிழ் எழுத்துரு இருக்கிறதா பாருங்கள், லினக்ஸில் இருக்கிற எழுத்துருக்களை வைனும் எடுத்துக்கொள்ளும்.

இதுவரை சுலபம். கடையில் உட்கார்ந்து பார்த்தால்தான் அசல் தொல்லை தெரியும், அது விசைப்பலகையில் வருகிறது. அண்ணாச்சி கடையில் கணக்கு எழுதுகிற அக்காவுக்குப் பதினைந்து வருடப் பழக்கம், திரையைப் பார்க்காமலே வேலை செய்வார். ரிப்போர்ட்டுக்குக் காலவரையறை மாற்ற அவர் ஆல்ட் + எஃப்2 அழுத்தினார். மின்ட்டில் அது நிரல் பெயர் கேட்கிற சின்னப் பெட்டியைத் திறக்கும். அவர் கவனிக்காமல் 1-4 என்று அடித்து, என்டர் தட்டி, 31-3 என்று அடித்து, மறுபடியும் என்டர் தட்டிவிட்டு, "தம்பி, ரிப்போர்ட் மாறவே மாட்டேங்குது" என்றார். ஆல்ட் + எஃப்5 அழுத்தினால் ரிப்போர்ட் விரிய வேண்டும், இங்கே விண்டோ சுருங்கியது. ஆல்ட் + எஃப்10-ஐயும் மின்ட் தனக்கென்று வைத்திருக்கிறது. இதற்கெல்லாம் மருந்து ஒன்றுதான்: சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, அதில் ஷார்ட்கட்ஸ் டேப், ஆல்ட்டோடு எஃப் விசைகள் சேர்ந்து வருகிற எதையெல்லாம் மின்ட் பிடித்து வைத்திருக்கிறதோ அதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். ஆல்ட் + எஃப்4-ஐ மட்டும் விட்டுவைக்கலாம்.

எண் விசைகளை இயக்குகிற நம்லாக் (Num Lock) விசையையும் மறக்காதீர்கள். மின்ட் திறக்கும்போது அது அணைந்தே இருக்கும், தொகையை வலதுபக்க எண் விசைகளில் அடிக்கிறவர்களுக்கு ஒரு எண்ணும் விழாது. லாகின் விண்டோ செட்டிங்ஸில் நம்லாக்கை எரிய வைக்கிற ஒரு ஸ்விட்ச் உண்டு. அது அழுத்த முடியாமல் மங்கலாக இருந்தால் நம்லாக்எக்ஸ் என்ற சின்ன நிரலைப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

பிரின்டர் லினக்ஸில் பிடிபட்டால் வைனுக்கும் தெரியும், தனியாக எதுவும் போட வேண்டாம். இரண்டு விஷயம் மட்டும். பேப்பர் அளவு சில சமயம் லெட்டர் என்று நிற்கும், ஏ4-ஆக மாற்றாவிட்டால் பில்லின் அடியில் கையெழுத்து இடம் வெட்டுப்படும். டாட் மேட்ரிக்ஸ் வைத்திருப்பவர்கள் எப்சன் 9 பின் டிரைவரைத் தேர்ந்தெடுத்து, டேலியில் அச்சு முறையை நீட் என்று வைத்துப் பாருங்கள். வேகம் குறையும், சத்தம் கூடும், எழுத்து வரும்.

லைசென்ஸுக்கு வருவோம். டேலி லைசென்ஸ் மெஷினோடு கட்டுப்பட்டது. பழைய விண்டோஸில் சரண்டர் செய்துவிட்டுத்தான் (லைசென்ஸை அந்த மெஷினிலிருந்து விடுவிப்பது) புது இடத்தில் ஆக்டிவேட் செய்ய வேண்டும், வரிசை மாறினால் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வைனுக்குள் ஆக்டிவேட் செய்து பார்ப்பது உங்கள் இஷ்டம், ஆனால் அவர்கள் ஆதரவு தருவது விண்டோஸுக்கு மட்டும். இன்றைக்கு ஓடினாலும் அடுத்த அப்டேட்டில் நின்றால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. ஜிஎஸ்டி விதி மாறும்போதெல்லாம் அப்டேட் வந்துகொண்டுதான் இருக்கும். அண்ணாச்சி கடையையே எடுத்துக்கொள்ளுங்கள், 2022 ஜூலை 18-இல் 25 கிலோ வரையிலான சிப்பத்துக்கு 5 சதவீதம் என்று வந்தது, உடனே ஊரெல்லாம் 26 கிலோ சிப்பம் முளைத்தது, அன்றிலிருந்து அவர் ஸ்டாக் பட்டியலில் ஒரே அரிசி இரண்டு எடையில், இரண்டு ஜிஎஸ்டி விகிதத்தில் நிற்கிறது. இந்தக் கணக்கை வைனை நம்பி ஓட்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை. கிராக் செய்த டேலி பென்டிரைவில் கிடைக்கிறதே என்று கேட்கிறவர்களுக்கு: வைரஸை விலை கொடுக்காமல் வாங்குகிறீர்கள், அவ்வளவுதான்.

எனவே அண்ணாச்சிக்கு விர்ச்சுவல் மெஷின்தான், அதை உண்டாக்குகிற மென்பொருள் விர்ச்சுவல்பாக்ஸ். லினக்ஸுக்குள் ஒரு விண்டோஸ், அந்த விண்டோஸுக்குள் டேலி. முதலில் பயாஸில் (மெஷினைப் போட்டதும் நுழைகிற அடிப்படை செட்டிங்ஸ்) விர்ச்சுவலைசேஷன் ஆனில் இருக்கிறதா பாருங்கள், பழைய போர்டுகளில் பெரும்பாலும் அணைத்தே வைத்திருப்பார்கள். 8 ஜிபியில் 4 ஜிபியை உள்ளே கொடுங்கள், இரண்டு கோர், 60 ஜிபி டிஸ்க் போதும். விண்டோஸுக்கு லைசென்ஸ் வேண்டும், அதுவும் ரீடெயில், அதாவது தனியாக விலைக்கு வாங்கியது. மெஷினோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்த மெஷினுக்குத்தான், விர்ச்சுவல் மெஷினுக்கு அதை மாற்றிக்கொள்ள முறைப்படி வழியில்லை. "பொறவு எதுக்குடே லினக்ஸு?" என்று அண்ணாச்சி கேட்டார். நல்ல கேள்வி. உள்ளே இருப்பது ஆதரவு முடிந்த அதே விண்டோஸ் 10-தான், ஆனால் அதில் டேலியைத் தவிர எதுவும் கிடையாது. மெயில், பேங்க், ஜிஎஸ்டி தளம், பேரன் பார்க்கிற வீடியோ, ஊரிலிருந்து வருகிற பென்டிரைவ் எல்லாம் வெளியே லினக்ஸோடு நின்றுவிடும். இன்னொரு லாபம், அந்த மொத்த விண்டோஸும் ஒரே ஒரு ஃபோல்டர். மழைக்காலத்து இடியில் மதர்போர்டு போனாலும் அந்த ஃபோல்டரின் காப்பி கையில் இருந்தால் வேறு மெஷினில் எழுப்பிவிடலாம். லைசென்ஸை மட்டும் மறுபடி சரிசெய்ய வேண்டி வரலாம்.

டேட்டாவை விர்ச்சுவல் டிஸ்க்குக்குள்ளேயே வையுங்கள். ஷேர்டு ஃபோல்டரில் (உள்ளே விண்டோஸுக்கும் வெளியே லினக்ஸுக்கும் பொதுவானது) வைத்து நேரடியாக வேலை செய்யாதீர்கள், பேக்கப்பை மட்டும் தினமும் சாயங்காலம் அதில் போட்டு, அங்கிருந்து பென்டிரைவுக்கு எடுங்கள். ஜிஎஸ்டிஆர்-1 ஜேசன் ஃபைலையும் அந்த ஃபோல்டருக்கே எக்ஸ்போர்ட் செய்தால், வெளியே ஃபயர்ஃபாக்ஸில் தளத்தைத் திறந்து ஏற்றிவிடலாம். கணக்கைத் தாக்கல் செய்ய அண்ணாச்சி மாதிரி ஒற்றை முதலாளிக்கு ஓடிபி போதும். பிரைவேட் லிமிடெட் என்றால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை உள்ளே காட்டியாக வேண்டும், அதற்கு உங்கள் லினக்ஸ் யூசரை விபாக்ஸ்யூசர்ஸ் என்ற குரூப்பில் சேர்த்துவிட்டு ஒருமுறை லாக் அவுட் செய்து வாருங்கள்.

இங்கேயும் விசைப்பலகை வேலையைக் காட்டியது. ஆல்ட் + எஃப்2 எல்லாம் உள்ளே ஒழுங்காகப் போனது, ஆனால் விர்ச்சுவல்பாக்ஸ் வலதுபக்க கன்ட்ரோலைத் தன் சொந்த விசையாக எடுத்துக்கொள்கிறது. அக்காவின் வலது கை எப்போதும் எண் விசைகளில்தான் இருக்கும், வவுச்சரை முடிக்க அந்தக் கையாலேயே பக்கத்திலிருக்கிற வலது கன்ட்ரோலை அழுத்தி, இடது கையால் ஏ தட்டுவார். பில் சேவ் ஆவதற்குப் பதில் விண்டோ அளவு மாறியது. மறுபடி அழுத்தினார், மறுபடியும் அதே கதை, வாசலில் அரிசி வாங்க வந்தவர் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். விர்ச்சுவல்பாக்ஸின் பிரிஃபரன்சஸில் இன்புட் பகுதியில் ஹோஸ்ட் கீ என்று இருக்கும், அதை ஸ்க்ரோல் லாக்குக்கு மாற்றினேன். அந்த விசையை யாரும் தொடுவதில்லை.

ஸ்னாப்ஷாட்டில் (விர்ச்சுவல் மெஷினின் அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைப்பது) நான் வாங்கிய அடியையும் சொல்ல வேண்டும். எல்லாம் நன்றாக ஓடிய நாளில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தேன். மூன்று நாள் கழித்து உள்ளே இருந்த விண்டோஸில் ஒரு டிரைவர் மக்கர் செய்ய, ஒரே கிளிக்கில் பழைய நிலைக்குத் திரும்பினேன். விண்டோஸ் சரியாகிவிட்டது, மூன்று நாள் பில்லும் காணாமல் போய்விட்டது. ஸ்னாப்ஷாட்டுக்கு விண்டோஸ் வேறு கணக்கு வேறு என்று தெரியாது, மொத்த டிஸ்க்கையும் அன்றைய தேதிக்கே கொண்டுபோய் வைத்துவிடும். முந்தின நாள் சாயங்காலப் பேக்கப் இருந்ததால் தப்பித்தேன், அன்றைய பில்களை மட்டும் காகிதத்தைப் பார்த்து அக்கா மறுபடி அடித்தார், அதுவரை என்னிடம் பேசவில்லை. ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவதற்கு முன்னால் டேலி பேக்கப் எடுத்து வெளியே வைத்துவிட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள்.

மூன்றாவது வழி சின்னது. நல்ல விண்டோஸ் மெஷின் ஒன்று இருந்து, அது புரோ பதிப்பாகவும் இருந்தால், அதில் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்துவிட்டு, லினக்ஸில் ரெம்மினா மூலம் அதற்குள் போகலாம். மின்ட்டில் ரெம்மினாவும் சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே கிடைக்கும். ஆனால் சாதாரண விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்யலாம், நீங்கள் உள்ளே போனால் அங்கே உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பில் போடுகிற கடைக்கு இது ஆகாது.

விர்ச்சுவல் மெஷினை மூடும்போது மூன்று வாய்ப்பு காட்டும்: நிலையைச் சேமித்து மூடுவது, விண்டோஸை ஷட்டவுன் செய்யச் சொல்வது, பவர் ஆஃப். மூன்றாவது, ஓடுகிற மெஷினின் பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம். கரண்ட் போய் யூபிஎஸ் கத்துகிற அவசரத்தில் கை அதற்குத்தான் போகும், கணக்கு ஃபைல் கெடுவதும் அப்படித்தான். கெட்டுப்போனால் ஆல்ட் + ஒய்யில் ரிப்பேர் இருக்கிறது, அதையும் காப்பியில்தான் ஓட்ட வேண்டும். அண்ணாச்சி கடை மானிட்டரில் ஒரு அட்டை ஒட்டி வைத்திருக்கிறேன்: முதலில் டேலியை மூடு, அப்புறம் உள்ளே இருக்கிற விண்டோஸை ஷட்டவுன் செய், அப்புறம்தான் லினக்ஸ். அதற்குக் கீழே அண்ணாச்சி தன் கையெழுத்தில் "அதுக்குப் பொறவு ஃபேன்" என்று சேர்த்திருக்கிறார்.